படிக்கட்டில் வைத்து ஏசினால்: வாடகை வீடும் வெறுப்புக் குற்றமும்

இங்கிலாந்தில் கவுன்சில் வீட்டிலோ ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலோ இருக்கும் நம்மவர்களுக்கு இனவெறித் தொல்லை பெரும்பாலும் அடிதடியாகத் தொடங்குவதில்லை. பொது நடையில் நிறுத்திய பிள்ளையின் சைக்கிள் ஒரு காலை நசுங்கிக் கிடக்கும். சமையல் மணத்தைச் சாட்டி யாரோ கதவில் உதைத்துவிட்டுப் போவார்கள். பால்கனியில் காயப்போட்ட உடுப்பில் முட்டை வழிந்திருக்கும். லிஃப்டுக்குள் வைத்து வந்த நாட்டுக்கே போகச் சொல்வார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்தால் பொலிஸுக்குப் போகும் அளவுக்குப் பெரிதாகத் தெரியாது. "விடுங்கோ, பொடியன்கள்தானே" என்று வீட்டுக்குள்ளேயே ஒருவர் சொல்வார்.

மாதக்கணக்கில் பொறுத்துவிட்டு, தாங்க முடியாத ஒரு நாளில் ஹவுசிங் ஆபீசருக்குப் போன் எடுத்தால் வாயில் வருவது "மேல்வீட்டு ஆட்களோடு பிரச்சினை" என்ற ஒரு வரிதான். அந்த ஒரு வரியை வைத்தே அயலவர் தகராறு என்று கோப்புத் திறந்துவிடுவார்கள். பிறகு ஏசியவரையும் ஏச்சு வாங்கியவரையும் ஒரு மேசையில் உட்காரவைத்துச் சமாதானம் பேசப் பார்ப்பார்கள். திறந்த கோப்பின் தலைப்பை மாற்றுவது பெரும்பாடு. ஆகவே முதல் நாளே சரியான பெயரைச் சொல்லி, இரண்டு இடங்களில் முறையிடுங்கள். ஒன்று பொலிஸ். மற்றது வீட்டை வாடகைக்குத் தந்த கவுன்சில் அல்லது அசோசியேஷன். இனி அதை வீட்டுக்காரர் என்றே சொல்கிறேன். ஒருவரிடம் சொன்னால் மற்றவருக்குத் தானாகத் தெரிந்துவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

எது வெறுப்புக் குற்றம்

இனம், மதம், பாலின நாட்டம், மாற்றுத்திறன், திருநர் அடையாளம் ஆகிய ஐந்தில் ஒன்றின் மீதுள்ள பகையால் நடந்தது என்று பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ கருதினால், அந்தக் குற்றத்தை வெறுப்புக் குற்றமாகப் பதிய வேண்டும். பொலிஸும் அரச வழக்குத் தொடுநர்களும் ஏற்றுக்கொண்ட வரையறை இது. பதிவதற்கு உங்கள் கருத்தே போதும். நோக்கத்தை நிரூபிக்கும் பாரம் முறையிடும்போது உங்கள் தலையில் இல்லை. இது சும்மா கிடைத்த சலுகையும் அல்ல. 1993-இல் தென்கிழக்கு லண்டனின் எல்தமில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் பொலிஸ் நடந்துகொண்ட விதத்தை விசாரித்த மக்பெர்சன் அறிக்கை 1999-இல் வெளிவந்து, பாதிக்கப்பட்டவரின் பார்வையை முதலில் வைக்கச் சொன்னது.

நம்மவர்கள் அடிக்கடி தடுமாறும் ஓரிடம் உண்டு. "பாக்கி" என்று ஏசினான், ஆனால் நாங்கள் பாகிஸ்தானியர் இல்லையே. முஸ்லிம் என்று நினைத்துத் துப்பினான், ஆனால் நாங்கள் சைவமாயிற்றே. இது எப்படிப் பொருந்தும் என்று கேட்பார்கள். 1998-ஆம் ஆண்டின் குற்றமும் ஒழுங்கின்மையும் பற்றிய சட்டம் இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. குற்றம் செய்தவர் உங்களை எந்தக் கூட்டத்தவர் என்று எண்ணிக்கொண்டாரோ அதுவே கணக்கு. ஆகவே ஏசுபவரிடமும் பொலிஸிடமும் "நாங்கள் முஸ்லிம் இல்லை" என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். சட்டத்துக்கு அது தேவையில்லை. முஸ்லிமாக இருந்தால் துப்பலாம் என்று நாமே ஒப்புக்கொள்வது போலவும் ஆகிவிடும்.

இன்னொரு நுணுக்கம் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு முக்கியம். மிரட்டல், வசவு போன்றவற்றுக்குப் பொலிஸ் வழக்கமாக எடுப்பது 1986-ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டம். ஒருவர் தம் வீட்டுக்குள் நின்று, உங்கள் வீட்டுக்குள் இருக்கும் உங்களைச் சுவர் வழியாக ஏசினால் அந்தச் சட்டம் செல்லாது. அதே சொல்லைப் படிக்கட்டிலோ பொது நடையிலோ லிஃப்டிலோ நின்று சொன்னால் செல்லும். சுவர் வழி ஏச்சு ஒரு தடவைக்கு மேல் நடந்தால் 1997-ஆம் ஆண்டின் தொல்லைத் தடுப்புச் சட்டம் உதவலாம். அதற்குக் குறைந்தது இரண்டு சம்பவங்கள் வேண்டும். இந்த இரண்டு சட்டமும் பொருந்தாத இடத்திலும் வீட்டுக்காரரின் கை நீளும். இதனால்தான் எதை எழுதினாலும் அவர் எங்கே நின்றார், நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பதைச் சேர்த்து எழுதச் சொல்கிறோம்.

குற்றம் என்ற அளவுக்கு வராத சம்பவங்களும் உண்டு. 2023-இல் வந்த வழிகாட்டலுக்குப் பிறகு அவற்றைப் பொலிஸ் முன்பு போல எளிதில் பதிவதில்லை. வீட்டுக்காரருக்கோ அந்தத் தட்டிக்கழிப்பு இல்லை. குற்றமோ இல்லையோ, வெறுப்புச் சம்பவம் என்றாலே அவர் கவனித்தாக வேண்டும்.

பொலிஸிடம் சொல்வது

ஆபத்து இப்போது, இந்த நிமிடம் என்றால் 999. கைத்தொலைபேசியில் எடுத்துப் பேச முடியாத நிலை என்றால், கேட்கும்போது 55 அழுத்துங்கள். அழைப்புப் பொலிஸுக்குப் போகும். நடந்து முடிந்ததைச் சொல்ல 101, அல்லது பொலிஸ் படைகள் வெறுப்புக் குற்றங்களுக்கென்றே வைத்திருக்கும் ட்ரூ விஷன் என்ற இணைய முறையீடு. பொலிஸ் நிலையத்துக்குப் போகத் தயங்குபவர்கள் மூன்றாம் தரப்பு முறையீட்டு மையம் ஒன்றை நாடலாம். சில சமூக நிலையங்களும் ஆலோசனை நிலையங்களும் அந்த வேலையைச் செய்கின்றன. உங்கள் பெயரைச் சொல்லாமலே அவர்கள் தகவலைக் கொடுக்கலாம். பெயரில்லாத தகவலை வைத்து வழக்குப் போடுவது அபூர்வம் என்பதையும் தெரிந்துகொண்டு தீர்மானியுங்கள்.

ஆங்கிலம் சிக்கினால் "டமில் இன்டர்பிரட்டர் பிளீஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். புரிந்துகொள்வதும் புரியவைப்பதும் பாதிக்கப்பட்டவர்களுக்கான அரச நெறிக்கோவையில் முதலாவது உரிமை. பத்து வயதுப் பிள்ளையைக் கொண்டு அந்த வசவுச் சொற்களை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அவசரத்தில் எல்லோரும் செய்வதுதான். அந்தப் பிள்ளை அதே படிக்கட்டில்தான் நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் இருந்தாலும் ஒரு வரியை ஆங்கிலத்திலேயே சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்: "திஸ் இஸ் எ ரேசிஸ்ட் ஹேட் கிரைம். பிளீஸ் ரெக்கார்ட் இட் ஆஸ் எ ஹேட் கிரைம்." போனை வைப்பதற்கு முன் குற்ற எண்ணை வாங்குங்கள். அடுத்த நாள் வீட்டுக்காரருக்கு எழுதும் கடிதத்தின் முதல் வரியில் அந்த எண் இருக்க வேண்டும். தள்ளிப்போடவும் வேண்டாம், சாதாரணத் தாக்குதல் போன்ற சில குற்றங்களுக்கு ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். வெறுப்புக் குற்றத்துக்கு ஆளானவர்கள் அந்த நெறிக்கோவையின்படி கூடுதல் கவனிப்புக்கு உரியவர்கள். நடந்தது உங்கள் வாழ்க்கையை என்ன செய்தது என்று உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு தனிக் கூற்றும் கொடுக்கலாம். பகை நோக்கம் நிரூபணமானால் தண்டனையைக் கூட்ட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் நீதிமன்றத்துக்குச் சொல்கிறது.

"அண்ணை, பொலிஸுக்குப் போனால் வீசாவுக்குப் பிரச்சினை வராதோ?" ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் இந்தக் கேள்வியைக் கேட்காத வாரம் இல்லை. வதிவிட அனுமதி உள்ளவர்களுக்கும், அகதி விண்ணப்பம் போட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்களுக்கும் பதில் இலகுவானது: பாதிக்கப்பட்டவராக முறையிடுவது உங்கள் விண்ணப்பத்துக்குக் கேடு செய்யாது. அனுமதி எதுவும் இல்லாமல் இருப்பவருக்கு அதே உறுதியைத் தந்தால் நான் பொய் சொன்னவனாவேன். பொலிஸ் குடிவரவுத் துறைக்குத் தகவல் கொடுக்கக்கூடும். அப்படிப்பட்டவர்கள் முதலில் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடமோ லோ சென்டரிடமோ பேசிவிட்டு, மூன்றாம் தரப்பு மையம் வழியாகப் போவது புத்தி. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் எதையும் யோசிக்காமல் 999.

கொப்பியில் எழுதுவது

ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும். வீட்டுக்காரர் தம்முடைய டயறித் தாள்களைத் தந்தால் அவற்றில் எழுதுங்கள். தரும்வரை காத்திருக்க வேண்டாம். திகதி, நேரம், இடம், யார், எந்த உடுப்பு, யார் பார்த்தார்கள், பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். "தூஷணத்தால் ஏசினான்" என்று மரியாதையாக எழுதும் பழக்கம் நமக்கு உண்டு. நீதிமன்றத்தில் அது எதற்கும் உதவாது. கேட்ட ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்திலாவது அன்றைக்கே எழுதிவையுங்கள். நித்திரை வராத இரவும், பிள்ளை கீழே விளையாடப் போக மறுத்ததும், ஜிபியிடம் போனதும் எழுத வேண்டியவைதான்.

சுவரில் கிறுக்கியிருந்தால் படம் எடுத்த பிறகே அழிக்க விடுங்கள். இனவெறிக் கிறுக்கலை மற்றக் கிறுக்கலைவிட வேகமாக அழிக்கக் கவுன்சில்கள் வழக்கமாகத் தனி ஏற்பாடு வைத்திருக்கின்றன. கட்டடத்துக் கமராப் பதிவைக் கேட்பதானால் அன்றே மின்னஞ்சலில் கேளுங்கள், நேரத்தையும் குறிப்பிட்டு. பழைய பதிவுகளின் மேல் புதியவை ஏறிவிடும். கதவில் சொந்தமாகக் கமரா மணி பூட்டலாம். பூட்டுமுன் வீட்டுக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் வாசலைத் தாண்டிப் பொது நடையையும் அது படம்பிடிக்குமானால் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் மேலும் பாயும். அதற்காகக் கமராவே வேண்டாம் என்பதில்லை. வாசலுக்கு நேரே திருப்பி வைத்தால் போதும்.

வீட்டுக்காரரின் கையில் என்ன இருக்கிறது

பொலிஸ் "சாட்சி போதாது" என்று வழக்கை மூடிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். வீட்டுக்காரரின் பாதை அங்கேதான் பயன்படத் தொடங்குகிறது. குற்றவியல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். வீட்டுக்காரர் போவது சிவில் நீதிமன்றம். நடக்கவில்லை என்பதைவிட நடந்திருக்கும் என்பதற்கே சாத்தியம் கூட என்று காட்டினால் போதும். பயத்தில் முன்வராத அயலவர் சொன்னதை, அவர் பெயரைச் சொல்லாமலே, ஹவுசிங் ஆபீசர் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லவும் இடமுண்டு. நேரில் வந்த சாட்சிக்குள்ள எடை அதற்கு இராது. இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

2014-ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தைச் சட்டத்தின்படி கவுன்சிலோ அசோசியேஷனோ பொலிஸோ தடையுத்தரவு கேட்கலாம். பத்து வயதோ அதற்கு மேலோ உள்ள எவர் மீதும் கேட்கலாம். உங்கள் தளத்துக்கு வராதே, அந்தக் குடும்பத்தோடு பேசாதே என்று அதில் எழுதலாம். வன்முறையோ கடும் தீங்கு நேரும் ஆபத்தோ இருந்தால் மீறுபவரைக் கைது செய்யும் அதிகாரத்தையும் சேர்க்கலாம். அவரை அவருடைய வீட்டிலிருந்தே விலக்கிவைக்கவும் முடியும். வீட்டைத் திரும்ப எடுக்கும் வழக்கு கடைசிப் படி. இங்கே கவனிக்க வேண்டியது, வாடகைக்கு இருப்பவர் தம் வீட்டில் வசிப்பவர்களுக்கும் வந்து போகிறவர்களுக்கும் பொறுப்பாளி. "என் மகன்தான் செய்தான், நான் என்ன செய்வது" என்று அந்தத் தாயோ தகப்பனோ கைகழுவ முடியாது. கிழக்கு லண்டன் நியூஹாமில் 1980-களின் நடுவிலேயே இனவெறித் தொல்லைக்காகக் கவுன்சில் ஒரு குடும்பத்தை வெளியேற்றியிருக்கிறது. சமூக இயக்கங்கள் விடாமல் நெருக்கியதால் நடந்தது அது.

கடிதத்தில் இதைக் கேளுங்கள்: இதை ஹேட் இன்சிடென்டாகப் பதியுங்கள், வெறுப்புச் சம்பவங்களை எப்படிக் கையாள்வது என்ற உங்கள் கொள்கையின் பிரதியைத் தாருங்கள், எங்களுக்குள்ள ஆபத்தை மதிப்பிடுங்கள், யார், எந்தத் திகதிக்குள், என்ன செய்வார் என்று எழுத்தில் சொல்லுங்கள். அப்படியொரு கொள்கை இல்லை என்று அவர்கள் சொல்ல முடியாது. சமூக வீடமைப்பு ஒழுங்காளர் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தும் அயல் மற்றும் சமூகத் தரவிதி, வெறுப்புச் சம்பவங்களைத் தடுக்கவும் எதிர்கொள்ளவும் தங்கள் வழிமுறை என்ன என்பதைத் தெளிவாக வெளியிடச் சொல்கிறது. சமாதானப் பேச்சுக்கு அழைத்தால் மறுக்கலாம். சத்தம், குப்பை, கார் நிறுத்தம் போன்ற தகராறுகளுக்கு அது நல்ல வழி. நிறத்துக்காக ஏச்சு வாங்கியவரை ஏசியவரோடு இணங்கிப்போகச் சொல்வது வேறு விஷயம்.

வீட்டின் பாதுகாப்பும் இதே கடிதத்தில் வர வேண்டியது. கூடுதல் பூட்டு, கதவுக் கண்ணாடி, படிக்கட்டு விளக்கு. தபால் துவாரத்தின் வழியாகத் தீ வைக்கப் போவதாக மிரட்டினால் தீயணைப்புப் படையையும் உடனே அழையுங்கள். இலவசமாக வந்து வீட்டைப் பார்ப்பார்கள், தீப்பிடிக்காத தபால் பெட்டி பூட்டித் தருவதும் உண்டு.

திறப்பைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். பயத்தில் இரவோடு இரவாக அக்கா வீட்டுக்குப் போய்விட்டு, அடுத்த கிழமை வீட்டுத் திறப்பை ஒப்படைத்துவிடுகிறார்கள். ஆயுள் முழுக்க இருக்கக்கூடிய வாடகை உரிமை அந்தக் கையெழுத்தோடு போய்விடும். பிறகு வீடில்லை என்று விண்ணப்பித்தால், தாமாகவே வீட்டை விட்டவர் என்று கவுன்சில் வாதிடும். போய் நில்லுங்கள், உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு.

தொடர்ந்து அங்கே இருந்தால் வன்முறை நேரக்கூடும் என்றால், கூரை இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் வீடற்றவர். 1996-ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. எந்தக் கவுன்சிலிலும் விண்ணப்பிக்கலாம். பழைய இடத்தில் வன்முறை ஆபத்து இருக்கும்போது, உங்களுக்கு அங்கேதான் தொடர்பு என்று சொல்லித் திருப்பி அனுப்பக்கூடாது. பிள்ளைகள் இருந்தாலோ கர்ப்பிணியாக இருந்தாலோ, விசாரணை முடியும்வரை தங்க இடம் தர வேண்டும். அதே நேரத்தில் உங்கள் வீட்டுக்காரரிடம் மானேஜ்மென்ட் டிரான்ஸ்ஃபர் கேளுங்கள். ஆபத்து காரணமாக வழக்கமான வரிசைக்கு வெளியே வேறு வீடு தருவது அது. வன்முறைக்குப் பயந்து தற்காலிகமாக வேறிடத்தில் இருந்தால், திரும்பும் எண்ணம் உள்ளவரை, இரண்டு வீட்டு வாடகைக்கும் ஒரு வருடம் வரை உதவித்தொகை கிடைக்கக்கூடும். இது தெரியாமல் பழைய வீட்டு வாடகையைக் கட்டாமல் விட்டுக் கடன்காரர் ஆனவர்கள் உண்டு. ஷெல்டர் அமைப்பின் இலவச எண் 0808 800 4444. திறப்பைப் பற்றி எதுவும் தீர்மானிக்குமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அவர்கள் அசையாவிட்டால்

போனில் அலுத்துக்கொள்வது முறைப்பாடு ஆகாது. "கம்ப்ளெயின்ட்" என்று தலைப்பிட்டு எழுதுங்கள். ஐந்து வேலை நாட்களுக்குள் கிடைத்ததாக அறிவிக்க வேண்டும். அதிலிருந்து பத்து வேலை நாட்களுக்குள் முதல் கட்டப் பதில். திருப்தி இல்லையென்றால் இரண்டாம் கட்டம், அதற்கு இருபது வேலை நாட்கள். அதற்கும் பிறகு ஹவுசிங் ஒம்புட்ஸ்மன், செலவில்லை. அயலவர் செய்தாரா இல்லையா என்று அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். வீட்டுக்காரர் தம் சொந்தக் கொள்கைப்படி நடந்தாரா என்று பார்ப்பார், நட்டஈடும் உத்தரவிடுவார். நீங்கள் முதலிலேயே அந்தக் கொள்கையைக் கேட்டு வாங்கி வைத்ததன் பலன் அப்போது தெரியும்.

இன்னொரு வழி அதிகம் பேருக்குத் தெரியாது: ஏஎஸ்பி கேஸ் ரிவியூ. ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை முறையிட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், கவுன்சிலையும் பொலிஸையும் வீட்டுக்காரரையும் ஒன்றாக இருத்தி உங்கள் கோப்பைப் பார்க்கச் சொல்லும் உரிமை இது. ஒருவர் மற்றவரைக் கைகாட்டும் வழக்குகளில் இதுவே நல்லது.

தனியார் வீட்டில் இருப்பவர்களுக்கு இவ்வளவு பலம் இல்லை. தனியார் வீட்டுக்காரர் அயலவர் மீது நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டவர் அல்ல; ஆகவே பொலிஸையும் கவுன்சிலின் சமூக விரோத நடத்தைப் பிரிவையும் நேரே பிடியுங்கள். தொல்லை தருவதே வீட்டுக்காரர் என்றால், வாடகைக்காரரைத் தொல்லைப்படுத்தி வெளியேற்றுவது 1977-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம், அவர் நம் ஊர்க்காரராக இருந்தாலும். அகதிகளுக்கான தங்குமிடங்களில் இருப்பவர்கள் பொலிஸோடு மைக்ரன்ட் ஹெல்ப் அமைப்புக்கும் 0808 8010 503-இல் சொல்லுங்கள். 2024 ஓகஸ்ட் கலவரங்களில் ரொதரமிலும் டாம்வர்த்திலும் அத்தகைய ஹோட்டல்களே தாக்கப்பட்டன. பொலிஸில் முறையிட்டாலும் முறையிடாவிட்டாலும், மனத்துக்கு ஆறுதலும் நடைமுறை உதவியும் விக்டிம் சப்போர்ட் தரும்: 0808 1689 111.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. நீங்கள் முறையிட்டது தெரிந்ததும் அந்தப் பக்கத்திலிருந்தும் உங்கள் மேல் ஒரு முறைப்பாடு போகும்: பிள்ளைகள் ஓடும் சத்தம், கறி மணம், இரவில் ஆட்கள் வருகிறார்கள். வீட்டுக்காரரிடமிருந்து உங்களுக்கும் கடிதம் வரும். கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். படிக்கட்டில் திருப்பி ஏசவும் வேண்டாம். அது அவர்களுடைய கைத்தொலைபேசியில் பதிவாகிக்கொண்டிருக்கும். கடிதத்தில் சொன்ன ஒவ்வொரு திகதியையும் உங்கள் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்து, முதலில் முறையிட்டது யார், எப்போது என்பதை மேலே போட்டு, குற்ற எண்ணையும் சேர்த்து, அவர்கள் குறித்த நாளுக்குள் மின்னஞ்சலில் பதில் அனுப்புங்கள்.